மருந்து என்றொரு சொல்

விடிவதற்கு முன்பே போடிநாயக்கனூரின் தெருமுனைகளில் ஜீப்புகள் வந்து நின்றுவிடுகின்றன. தூக்குவாளியும் தலைத்துண்டுமாகப் பெண்கள் நெருக்கியடித்து ஏறிக்கொள்கிறார்கள். போடிமெட்டு மலைச்சாலையின் வளைவுகளில் திணறி ஏறும் வண்டிகள், மாநில எல்லையைக் கடந்து பூப்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டங்களில் அவர்களை இறக்கிவிடும். மாலையில் அதே வண்டிகளில் அதே முகங்கள் இறங்கிவரும். அவர்களுடைய பேச்சைச் சற்று நேரம் கேட்டுக்கொண்டிருந்தால் ஒரு சொல் திரும்பத் திரும்பக் காதில் விழும். "மேக்காட்டுல மருந்தடிச்சிருக்காங்க" என்பார் ஒருவர். "மருந்து வாடை இன்னும் போகலை" என்பார் இன்னொருவர்.

தமிழில் மருந்து என்பது விந்தையான சொல். வள்ளுவர் தம் நூலின் 95ஆம் அதிகாரத்துக்கு அதையே பெயராக வைத்தார். குழந்தைக்குப் போடும் தடுப்பூசியும் மருந்துதான், செடியின் பூச்சியைக் கொல்லத் தெளிப்பதும் மருந்துதான். 'மருந்தைக் குடித்துவிட்டான்' என்று ஒரு கிராமத்தில் சொன்னால் அதற்கு என்ன பொருள் என்பதை யாரும் நமக்கு விளக்க வேண்டியதில்லை. காப்பதற்கும் கொல்வதற்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டிருக்கும் நாம், அவ்விரண்டில் எதை ஐயத்தோடு பார்க்கிறோம்?

ஊசியைத்தான். 2021 ஏப்ரலில் நடிகர் விவேக் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்ட மறுநாள் மாரடைப்புக்கு ஆளாகி, அதற்கடுத்த நாள் இறந்தபோது தமிழகமெங்கும் பரவிய அச்சத்தை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அவருடைய மரணத்துக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பில்லை என மத்திய அரசின் நிபுணர் குழு பின்னர் அறிவித்தது. வதந்தி சென்ற தொலைவுக்கு அந்த அறிவிப்பு செல்லவில்லை.

எனினும் 'ஊசியில் என்ன கலந்திருக்கிறார்கள்?' என்று கேட்பவரை அறிவிலி என்று ஒதுக்கிவிட நாம் விரும்பவில்லை. அது நியாயமான கேள்வி. வரலாற்றில் குறைந்தது இருமுறை அதற்கு 'ஆம், கலந்த பொருளே நோயைத் தந்தது' என்ற விடை கிடைத்திருக்கிறது. பிறிதொரு முறை விசாரணை ஊசியில் தொடங்கி, யாரும் எதிர்பாராத இடத்தில் போய் நின்றது. அந்த இடத்துக்கும் போடி மலைச்சரிவுக்கும் உள்ள உறவைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

*

முதல் வழக்கு 1942ஆம் ஆண்டினது. இரண்டாம் உலகப்போரில் வெப்பநாடுகளுக்குச் செல்லவிருந்த அமெரிக்கப் படைவீரர்களுக்கு மஞ்சள் காய்ச்சலுக்கான தடுப்பூசி போடப்பட்டது. ராக்கஃபெல்லர் நிறுவனத்தில் மாக்ஸ் தெய்லர் உருவாக்கிய 17டி என்னும் தடுப்பூசி அது. 1951இல் அவருக்கு நோபல் பரிசைப் பெற்றுத் தந்ததும் அதுவே. அதன் கிருமியில் பழுதேதும் இல்லை. ஆனால் அந்தக் கிருமி கெடாமல் நிலைத்திருப்பதற்காக மனித இரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தை அதில் சேர்த்திருந்தார்கள்.

1942இன் தொடக்கத்தில் முகாம்களில் வீரர்களின் கண்கள் மஞ்சளாகத் தொடங்கின. மஞ்சள் காய்ச்சலைத் தடுக்கப் போட்ட ஊசி மஞ்சள் காமாலையைக் கொண்டுவந்தது. ஏறக்குறைய 50,000 பேர் நோய்வாய்ப்பட்டனர். வெளியே அறிகுறி காட்டாமல் தொற்றுக்கு உள்ளானவர்களையும் சேர்த்தால் மூன்று லட்சத்துக்கும் மேல் என்று பிற்காலத்தில் கணக்கிட்டார்கள். சீரம் தந்த கொடையாளர்களில் சிலருடைய குருதியில் ஒரு வைரஸ் ஒளிந்திருந்திருக்கிறது. ஹெப்படைட்டிஸ் பி என்று அதற்குப் பெயரிடும் அறிவு அன்று உலகில் யாரிடமும் இல்லை. அதன் தடயம் கண்டறியப்பட்டதே 1960களில்தான். ஆயினும் காரணம் சீரமாகத்தான் இருக்க வேண்டும் என்று ஊகித்த ராணுவம் சீரம் சேர்க்காத தடுப்பூசிக்கு அந்த ஆண்டே மாறிவிட்டது.

நம் கவனத்துக்குரியது அதன் பிறகு நடந்தது. 45 ஆண்டுகள் கழித்து, 1987இல், அந்த வீரர்களைத் தேடிப்பிடித்து நடத்திய ஆய்வின் முடிவு வெளியானது. ஊசி போட்டுக் காமாலை கண்டவர்கள், ஊசி போட்டும் காமாலை காணாதவர்கள், சீரமில்லாத ஊசி போட்டுக்கொண்டவர்கள் என மூன்று குழுக்களாகப் பிரித்து அவர்களுடைய இரத்தத்தைச் சோதித்தார்கள். முதல் குழுவில் ஏறக்குறைய அனைவரிடமும் ஹெப்படைட்டிஸ் பி தொற்றின் பழைய சுவடு இருந்தது. இரண்டாம் குழுவில் நாலில் மூன்று பங்கினரிடம் இருந்தது. மூன்றாம் குழுவில் எட்டில் ஒருவரிடமே காணப்பட்டது. ஐயத்துக்கு இடமின்றிக் குற்றம் நிறுவப்பட்டது. அதே ஆய்வு ஓர் ஆறுதலையும் தந்தது. வைரஸை வாழ்நாள் முழுதும் சுமக்கும் நாள்பட்ட நிலைக்குச் சென்றவர்கள் ஆயிரத்தில் மூவர்கூட இல்லை.

அரை நூற்றாண்டுக்குப் பிறகும் இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிந்ததற்குக் காரணம் மிக எளியது. எந்த வீரனுக்கு எந்தத் தொகுதி மருந்து எப்போது போடப்பட்டது என்று எழுதிவைத்திருந்தார்கள். பதிவேடு இருந்தது.

*

இரண்டாம் வழக்கு நமக்கு மிக அருகில் நிகழ்ந்தது. நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற அச்சத்தோடு வளர்ந்த தலைமுறை நம்முடையது. அந்த ஊசிமருந்தைத் தென்னாட்டுக்குத் தந்தது குன்னூர் பாஸ்டர் நிலையம். 1902இல் வெறிநாய்க்கடிக்குத் தென்னிந்தியாவில் சிகிச்சை கிடைக்காமல் ஓர் ஆங்கிலப் பெண் இறந்ததும், அமெரிக்கச் செல்வர் ஹென்றி ஃபிப்ஸ் அளித்த நன்கொடையும் சேர்ந்து 1907இல் அந்நிலையத்தை உருவாக்கின.

1911இல் கசௌலியில் பணியாற்றிய டேவிட் செம்பிள், வெறிநோய்க் கிருமியை விலங்கின் மூளையில் வளர்த்து, பீனால் கொண்டு செயலிழக்கச் செய்யும் முறையை வகுத்தார். மலிவானது, எளிதானது, அனுப்பிவைக்கத் தக்கது. இந்தியாவின் அரசு மருத்துவமனைகளுக்குப் பல பத்தாண்டுகள் சென்றது அவ்வகை மருந்தே. ஊசியில் கிருமியோடு ஆட்டின் மூளைத் திசுவும் இருந்தது. அதில் நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மயலின் உறையின் புரதமும் கலந்திருந்தது. அந்த அயற்புரதத்தை எதிர்க்கக் கிளம்பிய உடல், அதைப் போலவே இருக்கும் தன் சொந்த நரம்புறையையும் சிலரிடத்தில் தாக்கிவிட்டது. சில நூறு பேருக்கு ஒருவர் என்றும் சில ஆயிரம் பேருக்கு ஒருவர் என்றும் இடத்துக்கிடம் மாறுபட்ட கணக்கில், ஊசி போட்டுக்கொண்டவர்கள் கால் விழுந்து படுத்தார்கள். சிலர் எழவேயில்லை.

குற்றவாளி கிருமியல்ல, மூளைத்திசுதான் என்ற குறிப்பு 1933இலேயே கிடைத்துவிட்டது. நியூயார்க்கில் தாமஸ் ரிவர்ஸ் என்பவர் குரங்குகளுக்குக் கிருமி கலவாத மூளைச்சாற்றை மீண்டும் மீண்டும் ஊசி மூலம் செலுத்தி அதே நோயை உண்டாக்கிக் காட்டினார். 1987இல் தாய்லாந்து நோயாளிகளிடம் நடந்த ஆய்வு, மயலின் புரதமே காரணம் என்பதை உறுதி செய்தது. அதற்குள் திசு வளர்ப்பு முறையில் தயாரான பாதுகாப்பான தடுப்பூசிகள் வந்துவிட்டன. ஆயினும் அவை விலை கூடியவை. எனவே பணமுள்ளவர் கையில் ஐந்து ஊசி போட்டுக்கொள்ள, அரசு மருத்துவமனை வரிசையில் நின்றவர் வயிற்றில் பதினான்கு போட்டுக்கொண்டார். இந்தியாவில் அந்த மருந்தின் உற்பத்தி நிறுத்தப்பட்டது 2004இன் இறுதியில்தான்.

அதற்காகப் பதினான்கு ஊசி போட்டுக்கொண்டவர்கள் தவறு செய்தார்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. வெறிநோய் வெளிப்பட்டபின் பிழைத்தவர் உலகிலேயே விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். அந்த ஊசி காப்பாற்றிய உயிர்கள் ஏராளம். தீமை தெரிந்த பின்னும், மாற்று கிடைத்த பின்னும், ஏழைக்கு இது போதும் என்று பல்லாண்டுகள் விட்டுவைத்ததே பிழை. அந்த முடங்கிய கால்களுக்கு 1942இன் வீரர்களுக்கு இருந்ததைப் போன்ற பதிவேடு இருக்கவில்லை.

*

மூன்றாம் வழக்கு பாரசீக வளைகுடாவில் நிகழ்ந்தது. 1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்தைப் பிடித்தது. 1991 ஜனவரி 17இல் தொடங்கிய போர் பிப்ரவரி 28இல் ஓய்ந்தது. ஏறக்குறைய 7 லட்சம் அமெரிக்கப் படையினரும் 53,000 பிரிட்டிஷ் படையினரும் அங்கே சென்றனர். வென்று திரும்பியவர்களில் பலர் மெல்ல மெல்ல நோயுற்றனர். ஓயாத களைப்பு, மூட்டுவலி, மறதி, உறக்கமின்மை, வயிற்றுக்கோளாறு. மருத்துவர்களால் ஒரு பெயர் சூட்ட முடியவில்லை. மனப்பிரமை என்றுகூடச் சொல்லப்பட்டது. 2008இல் அமெரிக்க ஆலோசனைக் குழு ஒன்று, சென்றவர்களில் நால்வரில் ஒருவருக்கு இந்நோய் மெய்யாகவே உண்டு என்று அறிக்கை தந்தபோது பதினேழு ஆண்டுகள் கழிந்திருந்தன.

ஐயம் முதலில் ஊசியின் மேல் விழுந்தது இயல்பே. உயிரியல் ஆயுதங்களுக்கு அஞ்சி, அமெரிக்கப் படையில் ஏறக்குறைய ஒன்றரை லட்சம் பேருக்கு ஆந்த்ராக்ஸ் தடுப்பூசி போடப்பட்டது. பிரிட்டிஷ் வீரர்களுக்கு அதன் வேகத்தைக் கூட்டக் கக்குவான் தடுப்பூசியையும் உடன் செலுத்தினார்கள். 2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு, நோயுற்ற வீரர்களின் இரத்தத்தில் ஸ்குவாலின் என்னும் பொருளுக்கு எதிரான எதிர்ப்புப்புரதம் இருப்பதாகச் சொன்னது. ஸ்குவாலின் ஒருவகை எண்ணெய். சுறாமீனின் ஈரலில் மிகுதியாக உள்ளது. தடுப்பூசியின் வீரியத்தைக் கூட்டும் துணைப்பொருளாகப் பயன்படக்கூடியது. வீரர்களுக்குத் தெரியாமல் ராணுவம் அதைக் கலந்து சோதனை செய்துவிட்டது என்ற குற்றச்சாட்டு எழுந்தது. 2004இல் காரி மட்சுமோட்டோ என்ற பத்திரிகையாளர் இதை ஒரு நூலாகவே எழுதினார். கட்டாய ஆந்த்ராக்ஸ் தடுப்பூசித் திட்டத்தை அதே ஆண்டு அமெரிக்க நீதிமன்றம் ஒன்று தடுத்தும் வைத்தது. அது சட்ட அனுமதி பற்றிய வழக்கு என்றாலும் ஐயத்துக்கு அதுவும் தீனியானது.

குற்றச்சாட்டு சோதிக்கப்பட்டது. சில மருந்துத் தொகுதிகளில் ஸ்குவாலின் இருந்தது உண்மைதான். ஆனால் நூறு கோடியில் சில பத்துப் பங்குகள் என்ற அளவில். நம் ஒவ்வொருவருடைய இரத்தத்திலும் இயல்பாக ஓடும் ஸ்குவாலின் அதைவிட அதிகம். நம் ஈரலே அதை உண்டாக்குகிறது. விரல்ரேகையின் எண்ணெயிலும் அது உண்டு. ஸ்குவாலினை மெய்யாகவே துணைப்பொருளாகக் கொண்ட இன்ஃப்ளூயன்ஸா தடுப்பூசி 1997 முதல் ஐரோப்பாவில் முதியோருக்குப் போடப்பட்டு வந்தது. அதன் ஒரு வேளை மருந்தில் ஏறக்குறைய 10 மில்லிகிராம் ஸ்குவாலின் உள்ளது. அந்த எதிர்ப்புப்புரதம் ஊசியே போடாத நலமுள்ள மனிதரிடமும் இருப்பது பின்னர் தெரியவந்தது. 2009இல் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட கடற்படை வீரர்களிடம் நடந்த ஆய்வில், நோயுற்றவருக்கும் நலமாக இருப்பவருக்கும் இந்த வகையில் வேறுபாடு காணப்படவில்லை. ஸ்குவாலின் விடுவிக்கப்பட்டது.

நேர்மையாகச் சொல்வதானால், ஊசி பற்றிய கேள்வி அத்தோடு முற்றிலும் மூடப்படவுமில்லை. போர்க்களத்துக்குப் போன பிறகு பல தடுப்பூசிகளை ஒருசேரப் போட்டுக்கொண்ட பிரிட்டிஷ் வீரர்களிடம் நோய் சற்று மிகுந்திருந்ததாக 2000இல் ஓர் ஆய்வு கண்டது. ஊருக்கு முன்பே புறப்படுமுன் போட்டுக்கொண்டவர்களிடம் அப்படி இல்லை. 2008 அறிக்கையும் அந்த வாய்ப்பை அறவே தள்ளிவிடவில்லை. ஆனால் சான்றுகளின் எடை வேறொரு பக்கம் சாய்ந்தது.

நரம்புவாயுத் தாக்குதலுக்கு முன்காப்பாக வீரர்கள் விழுங்கிய பிரிடோஸ்டிக்மின் மாத்திரையும், பாலைவன ஈக்களையும் கொசுக்களையும் விரட்டத் தாராளமாகத் தெளிக்கப்பட்ட பூச்சிக்கொல்லிகளுமே இந்நோயோடு உறுதியான தொடர்பு காட்டுவன என்றது அவ்வறிக்கை. 1991 மார்ச்சில் ஈராக்கின் கமிசியா கிடங்கை அமெரிக்கப் படை வெடிவைத்துத் தகர்த்தபோது அதிலிருந்த சாரின் நரம்புவாயுவும் காற்றில் கலந்தது. 2022இல் டெக்சாஸின் ராபர்ட் ஹேலி குழுவினர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களை ஆராய்ந்து, சாரினைச் சிதைக்கும் திறன் குறைந்த மரபணு வகையை உடையவர்களிடம் அவ்வாயுவின் தீங்கு மிகுந்திருப்பதைக் காட்டினர்.

*

மாத்திரை, பூச்சிக்கொல்லி, நரம்புவாயு என மூன்று வெவ்வேறு பெயர்கள். ஆனால் வீரர்கள்மீது தெளிக்கப்பட்ட பூச்சிக்கொல்லிகளில் பலவும் மற்ற இரண்டும் உடலுக்குள் செய்யும் வேலை ஒன்றே. நரம்பு தசைக்கு ஆணையிட அசிட்டைல்கோலின் என்ற பொருளைச் சுரக்கிறது. ஆணை நிறைவேறியதும் அதை ஒரு நொதி வந்து துடைத்துவிட வேண்டும். இம்மூன்றும் அந்த நொதியைப் பிடித்துக் கட்டிவிடுகின்றன. துடைக்க ஆளின்றி ஆணை தொடர்ந்து ஒலிக்க, உடல் ஓய்வறியாமல் தவிக்கிறது. கண்மணி சுருங்கி, வாயில் எச்சில் பெருகி, மூச்சுத் திணறும். பூச்சியும் அவ்வாறே சாகிறது, மனிதனும் அவ்வாறே சாகிறான்.

இந்த ஒற்றுமை தற்செயலன்று. 1936இல் ஜெர்மனியில் புதிய பூச்சிக்கொல்லியைத் தேடிக்கொண்டிருந்த கெர்ஹார்ட் ஷ்ராடர் என்ற வேதியியலாளர் தற்செயலாகக் கண்டடைந்ததே டாபுன் என்ற முதல் நரம்புவாயு. 1938இல் சாரினைக் கண்டுபிடித்த குழுவிலும் அவர் இருந்தார். 1944இல் அவரே பாரத்தியானைக் கண்டுபிடித்தார். போர் முடிந்ததும் பேயர் நிறுவனம் அதைப் பூச்சிமருந்தாகச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதன் வணிகப் பெயர் ஃபோலிடால்.

நம் வாசகர்கள் அந்தப் பெயரை வேறு உச்சரிப்பில் அறிவார்கள். தமிழ்க் கிராமங்களில் அது 'பாலிடால்'. எத்தனை கதைகளில், எத்தனை திரைப்படங்களில், எத்தனை வீடுகளில் அந்தப் புட்டி வந்து போயிருக்கிறது! 1958இல் கப்பலில் ஃபோலிடாலோடு சேர்த்து ஏற்றப்பட்ட கோதுமை மாவை உண்டு கேரளத்திலும் அன்றைய சென்னை மாநிலத்திலும் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்தத் துயரத்தின் விளைவாகவே 1968இன் பூச்சிக்கொல்லிச் சட்டமும் 1971இன் விதிகளும் பிறந்தன. இவ்வகை மருந்துகளோடு வேலை செய்வோருடைய இரத்தத்தில் மேற்சொன்ன நொதியின் அளவை மாதம் ஒருமுறையேனும் சோதிக்க வேண்டும் என்று அவ்விதிகளில் எழுதப்பட்டிருக்கிறது.

இப்போது போடிமெட்டுக்குத் திரும்பலாம். நிழலும் ஈரமும் விரும்பும் ஏலச்செடி, இலைப்பேனுக்கும் தண்டுத்துளைப்பானுக்கும் எளிதில் இரையாவது. இந்திய வேளாண்மையில் பூச்சிமருந்து மிகுதியாகத் தெளிக்கப்படும் பயிர்களில் அதுவும் ஒன்று. குயினால்பாஸ், குளோர்பைரிபாஸ் போன்ற ஏலத்தோட்ட மருந்துகள் ஷ்ராடரின் குடும்பத்தைச் சேர்ந்தவையே. அவற்றில் குளோர்பைரிபாஸ் வளைகுடாப் போர்முகாம்களிலும் தெளிக்கப்பட்டது. மலையில் விளைந்து போடியில் ஏலம் போகும் ஏலக்காயில் ஒரு பங்கு கப்பலேறி அரேபியரின் காவா கோப்பைக்குப் போகிறது. போர்வீரர்கள் நோயுற்ற மணலுக்கும் நம் மலைச்சரிவுக்கும் இடையே, அறியாமலே, இப்படியும் ஓர் உறவு உண்டு.

காய் மட்டும் கவனமாகச் சோதிக்கப்படுகிறது. மருந்தின் எச்சம் மிகுந்தால் அயல்நாடு வாங்க மறுக்கும். 2023 ஜனவரியில், அனுமதித்த அளவுக்கு மேல் பூச்சிக்கொல்லி எச்சம் கொண்ட ஏலக்காய் சேர்ந்தது என்பதற்காகச் சபரிமலை அரவணைப் பாயசத்தின் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட டின்களின் விற்பனையைக் கேரள உயர் நீதிமன்றம் நிறுத்தியது. அந்த ஆணையை 2024இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ஒரு சிட்டிகை ஏலப்பொடிக்காக இரண்டு நீதிமன்றங்கள் கூடிப் பேசின. அந்தக் காயைப் பறித்த கைக்காக எந்த நீதிமன்றமும் கூடியதாகச் செய்தி இல்லை.

அந்தக் கைகளுக்குப் பதிவேடு இல்லை. படைவீரனுக்குப் பெயர் உண்டு, எண் உண்டு, படைப்பிரிவு உண்டு. எந்த நாளில் எங்கே நின்றான் என்ற குறிப்பு உண்டு. அவ்வளவும் இருந்தே அவனுடைய நோய் மெய்யென்று ஒப்புக்கொள்ளப் பதினேழு ஆண்டுகள் ஆயின. ஜீப்பில் ஏறும் கூலிக்காரர் இன்று ஒரு தோட்டம், நாளை வேறொரு தோட்டம். அவர் மருந்தை முகர்வது கேரளத்தில். கை நடுக்கமும் மறதியும் கண்டு அவர் மருத்துவரிடம் போக நேர்ந்தால் அது தமிழ்நாட்டில். நோயை ஒரு மாநிலம் பார்க்கும். அதன் காரணம் இன்னொரு மாநிலத்தின் காட்டுக்குள் இருக்கும். இரண்டையும் ஒரே தாளில் எழுதிச் சேர்க்க யார் இருக்கிறார்கள்?

ஊசியை ஐயுறுவது எளிது. அது ஒருநாள் நிகழ்வு. நம் தோலைக் குத்தியது நினைவில் நிற்கும். அதைப் போட்டவர் வெளியாள். தெளிப்பானை ஐயுறுவது கடினம். அது அன்றாடம், அது சோறு போடுகிறது, அதைப் பிடித்திருப்பது நம் கைதான். வளைகுடா வீரர்களின் வழக்கு நமக்குச் சொல்வது, ஐயம் தவறு என்பதன்று. ஐயத்தை முதலில் விழுந்த இடத்திலேயே உறைய விட்டால் உண்மையான காரணம் தப்பிப்போகும் என்பதே. ஸ்குவாலினோடு நின்றிருந்தால் நரம்பு நொதியை அவர்கள் சென்றடைந்திருக்க மாட்டார்கள்.

நொதியின் அளவைக் காணச் சிறிதளவு இரத்தம் போதும். சோதனை முறை பழையது, பெரும் செலவில்லாதது. விதி அரை நூற்றாண்டுக்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது. போடியிலும் தேவாரத்திலும் கோம்பையிலும் கம்பத்திலும் விடியற்காலையில் ஜீப் ஏறுமுன் ஒரு மேசையும் ஒரு நோட்டுப் புத்தகமும் போட்டு அமர ஒருவர் இருந்தால், அந்தப் பெண்களுக்கும் ஒரு வரலாறு தொடங்கிவிடும். அதுவரை அவர்கள் தங்கள் களைப்பை வயது என்றும், தலைவலியை வெயில் என்றும், கை நடுக்கத்தை விதி என்றும் சொல்லிக்கொண்டு மலையேறுவார்கள். காட்டில் அடிப்பதை மட்டும் எப்போதும்போல் மருந்து என்றே சொல்வார்கள்.